ஃபியூஸ் போகாமலே எரிந்த ஹெட்லைட்

வண்டியில் தீப்பிடித்தது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஷார்ட் சர்க்யூட். அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். கருகிய ஹெட்லைட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுசு மாட்டி, வயரில் டேப் சுற்றி வண்டியை அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் புகை வரும். தக்கலைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற நான் இப்படி இரண்டாம் தடவை எரிந்து வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட்டில் வரும் தீயில் பெரும்பகுதி ஷார்ட்டால் வருவதில்லை, லூஸ் கான்டாக்டால் வருகிறது என்பது என் அனுபவம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் எது என்று கண்டுபிடிக்காமல் கைவைக்கக் கூடாது.

குளச்சலில் இருந்து மார்த்தாண்டத்துக்கு மீன் ஏற்றும் ஒரு சின்ன லோடு வண்டியை வைத்துச் சொல்கிறேன். விடியற்காலையில் கருங்கல் தாண்டும்போது இடது ஹெட்லைட் அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை, அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம். வண்டிக்காரர் அனுபவசாலி. ஓரம் கட்டி, லைட்டையும் இக்னிஷனையும் அணைத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்றியிருக்கிறார். கூட வந்த பையன் மீன் பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரை அள்ளி ஊற்றப் போயிருக்கிறான். அதைத் தடுத்து, ரோட்டோர மணலை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்திருக்கிறார். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஊற்றியிருந்தால் மிச்சமிருந்த கப்ளர்களும் (வயரோடு வயரை இணைக்கும் பிளக்குகள்) அந்த வாரத்திலேயே பச்சை பிடித்திருக்கும். நெகட்டிவை முதலில் எடுத்ததும் சரியான வேலை. பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால் ஸ்பானர் பாடியில் பட்டு அதுவே ஒரு ஷார்ட் ஆகிவிடும்.

கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் நிறுத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "ஃபியூஸ் அப்படியேதான் இருக்கு தம்பி. ஷார்ட் ஆயிருந்தா அது போயிருக்கணுமே? பின்ன எப்படித் தீப்பிடிச்சுது?"

பெரும்பாலோர் இந்த இடத்தில் ஃபியூஸைக் குறை சொல்வார்கள். மட்டமான ஃபியூஸ், வேலை செய்யவில்லை என்பார்கள். ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஷார்ட்டில் ஓடுவதுபோல அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் உருகுவதுதான் அதன் வேலை. லூஸ் கான்டாக்ட் கரண்டைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. வழியில் ஒரு தடை வந்தால் கரண்ட் குறையத்தானே செய்யும்? ஆனால் அந்தத் தடை இருக்கும் ஒரே புள்ளியில் சூடு குவியும். மேம்பாலம் வருவதற்கு முன்னால் மார்த்தாண்டம் சந்திப்பில் நின்றவர்களுக்கு இது புரியும்: ரோடெல்லாம் வண்டி குறைவாகத்தான் இருக்கும், நெரிசல் முழுக்க அந்த ஒரு இடத்தில் இருக்கும். ஃபியூஸ் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸுக்கு பல்பு மாட்டும் ஹோல்டரில் நடக்கும் இந்தச் சூடு தெரியவே தெரியாது.

மூடியில் 15 ஆம்பியர் என்று போட்டிருந்தது, உள்ளே நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸே இருந்தது. யாரும் மாற்றவில்லை, கம்பி சுற்றவில்லை. அப்போதே எனக்கு எண்ணம் லூஸ் கான்டாக்ட் பக்கம் போனது. ஆனாலும் எண்ணத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. எதையும் கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். கழற்றிய பிறகு எது எங்கே இருந்தது என்று எவ்வளவு பழகியவனுக்கும் மறந்துபோகும். இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் வந்து பார்க்கும்வரை தொடவே கூடாது. வண்டிக்காரர் அது வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்தது விசாரிப்பு. தீப்பிடித்த நேரத்தை விட அதற்கு முந்தைய மாதங்களைத்தான் நான் கேட்பேன். லைட் எப்போதிலிருந்து மங்கல்? குழியில் இறங்கும்போது அணைந்து எரியுமா? பல்பு அடிக்கடி போனதா? சமீபத்தில் என்ன மாற்றினீர்கள்? அவர் சொன்னது இது: போன மழையிலிருந்தே இடது பக்கம் வெளிச்சம் குறைவு. டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி ஹெட்லைட்டில் ஒரு தட்டு தட்டினால் பளிச்சென்று எரியும். வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு பக்கமும் 100/90 வாட் பல்பு (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) போட்டிருக்கிறார்கள். வண்டியோடு வந்தது 60/55 வாட் எச்4 ரக ஹாலஜன் பல்பு. தட்டினால் எரிகிறது என்பதை யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தையே பாதி விடை.

பிறகு வயரைப் பார்த்தேன். அதிகக் கரண்ட் ஓடி எரிந்த வயருக்கும், ஓர் இடத்தில் சூடாகி எரிந்த வயருக்கும் முகமே வேறு. ஷார்ட் ஆகி, ஃபியூஸும் காப்பாற்றாமல் போனால், ஷார்ட் ஆன இடத்திலிருந்து பேட்டரி வரைக்கும் அந்த ஒரு வயர் முழு நீளத்துக்கும் வெந்திருக்கும். இன்சுலேஷன் செம்பை விட்டுத் தளர்ந்து, தொட்டால் உரிந்து வரும். கூட ஓடும் மற்ற வயர்களையும் உருக்கி ஒட்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை. ஹோல்டரை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கருகல், அதற்கடுத்து கொஞ்ச தூரம் விறைத்துப்போன இன்சுலேஷன், அதைத் தாண்டினால் புதுசு போல வளைகிற வயர். ஃபியூஸ் பெட்டிப் பக்கம் ஒரு கறை கூட இல்லை. ஆக, சூடு ஹோல்டரில் பிறந்து பின்னோக்கி வந்திருக்கிறது.

ஹோல்டரை மேசை மேல் வைத்து, பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எச்4 பல்பின் பின்னால் மூன்று தகடு இருக்கும்: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப, இரண்டுக்கும் பொதுவான எர்த் ஒன்று. டிம், பிரைட் இரண்டின் துளையிலும் பிளாஸ்டிக் வெளியிலிருந்து உருகி உள்ளே வழிந்திருந்தது, ஆனால் துளையின் வடிவம் மிச்சம் இருந்தது. எர்த் துளைக்கு வடிவமே இல்லை. சுற்றிலும் கரியாகி, தொட்டதும் உதிர்ந்தது. அந்தக் கரி உள்ளே அடர்த்தியாகவும் வெளியே போகப்போக பழுப்பாகவும் இருந்தது. பல்பில் எர்த் தகடு மட்டும் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில், அரித்ததுபோல் சின்னச் சின்னப் பள்ளங்களோடு இருந்தது. மற்ற இரண்டு தகடுகளில் புகைக் கறை மட்டும். துணியால் துடைத்ததும் வெள்ளி போல் மின்னியது. ஹோல்டருக்குள் இருந்த எர்த் டெர்மினலை ஊசியால் நெம்பி எடுத்துப் பார்த்தால், தகட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டிய இரண்டு மடிப்பும் விரிந்து கிடந்தன. ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது.

எர்த் தகடு முதலில் போவதற்கு ஒரு காரணம் உண்டு. டிம் போட்டாலும் பிரைட் போட்டாலும் கரண்ட் திரும்பி வருவது அந்த ஒரு வழியில்தான். மற்ற இரண்டும் மாறி மாறி ஓய்வெடுக்கும், எர்த்துக்கு ஓய்வே கிடையாது. இறுக்கம் கொஞ்சம் குறைந்தால் சூடு. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. வண்டி ஆடும்போது இடைவெளி விழுந்து பொறி பறக்கும், அந்தப் பொறிதான் பள்ளங்களை உண்டாக்கியது. கடைசியில் கரியான பிளாஸ்டிக்கில் தீப்பிடித்து, பின்னால் இருக்கும் ரப்பர் கவருக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் ஏறியிருக்கிறது.

அதோடு நிறுத்தவில்லை. வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். எலி கடித்ததா? மிச்சமிருந்த வயர்களில் பல் தடம் இல்லை. சார்ஜிங் அதிகமா? இடது பக்க வயரைப் பிரித்து மூடிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன், பேட்டரியில் 14.1 வோல்ட், சரியான அளவு. ஆயில், டீசல் கசிவு அந்த இடத்தில் இல்லை. வயர் தகட்டில் உரசியதா? உரசல் இருந்தால் செம்பு நுனியில் உருண்டை உருண்டையாக உருகி உறைந்த மணி இருக்கும். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி வேண்டும். பிளாஸ்டிக் எரிகிற சாதாரணத் தீயில் அது அவ்வளவு எளிதாக வராது, மின்பொறிதான் அந்த மணியைச் செய்யும். இங்கே வயரில் எங்கேயும் மணி இல்லை.

சாட்சி இன்னொன்று இருந்தது. எரியாத வலது ஹெட்லைட். அதே வயது, அதே பல்பு, அதே கடற்காற்று. எரிந்த பக்கம் சொல்லாததை எரியாத பக்கம் சொல்லும் என்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். பலரும் இங்கே மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து வயரின் இரண்டு நுனியிலும் தொட்டு, சத்தம் வருகிறது, வயர் நல்லது என்று விட்டுவிடுவார்கள். வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பஸ்ஸர் கத்தும். பல்பு எரிந்து கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

செய்வது எளிது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, லைட்டை எரியவிட்டு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் டெர்மினலிலும் வைக்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட் பக்கம் காட்டும். 0.2 வரைக்கும் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தொட்டால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் இன்ஜின் அணைத்த நிலையில் பேட்டரி 12.4, பல்பின் முனைகளில் 10.9. ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. அதில் எர்த் பக்கம் மட்டும் 0.8. டிம்மில் ஏறக்குறைய 7 ஆம்பியர் ஓடும் என்று வைத்தால், எர்த் வழியில் மட்டும் ஐந்தரை வாட் சூடு. சொல்லும்போது சின்ன எண்தான். அதில் ஒரு பங்கு நகம் அளவு இடத்தில், காற்றே போகாத ரப்பர் கவருக்குள், முன்னால் ஹாலஜன் பல்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது விழுந்தால் அது சின்ன எண் இல்லை. எரியாத அந்த ஹோல்டரிலும் எர்த் துளையின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனேன். ஹெட்லைட்டுக்குக் கீழே பாடித் தகட்டில் ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டைத் திருப்பியதும் வயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு அடியிலிருந்து வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. அடியில் தகடு துருவேறிச் செதில் செதிலாக இருந்தது. வயரின் இன்சுலேஷனைக் கீறிப் பார்த்தால் நாலு விரல் தூரத்துக்குச் செம்பு கறுத்திருந்தது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்திலேயே ஓடும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இரண்டு மழைக்கும் நடுவே உப்புக் காற்று. மீன் வண்டிக்கு இது போதாதென்று ஐஸ் தண்ணீர் வேறு.

இப்போது கதையை முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். எர்த்தில் துரு ஏறியதால் பல்புக்கு வோல்ட்டேஜ் குறைந்தது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும், 12.4 வர வேண்டிய இடத்தில் 10.9 வந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். வெளிச்சம் மங்கியதும் பெரிய பல்பு போட்டார்கள். 55 வாட்டில் நாலரை ஆம்பியர் சொச்சம் ஓடிய டிம்மில் 90 வாட்டுக்கு ஏழரை ஆம்பியர் ஓட வேண்டியதாயிற்று. சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் ஹோல்டரின் அதே கெட்ட ஜாயின்டில் சூடு இரண்டு மடங்குக்கும் மேல் போனது. 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கெல்லாம் அசையாது. பெரிய பல்பு தீயை வேகப்படுத்தியது உண்மை, ஆனால் நோய் துருப்பிடித்த அந்த எர்த் போல்ட். வெறும் பல்பை மட்டும் பழையபடி மாற்றியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான ஷார்ட்டையும் பார்த்திருக்கிறேன், அதன் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விட்டால் இது அரைகுறையாகிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் நிறுத்தும் ஒரு ஜீப். மார்கழி, தை மாதத்தில் ரப்பர் இலை உதிரும்போது பானட் இடுக்கெல்லாம் காய்ந்த இலை அடைந்திருக்கும். அந்த வண்டியில் ஹெட்லைட் வயர் தகட்டில் ஒரு துளை வழியாகப் போகிறது. விளிம்பு வயரை அறுக்காமல் காக்க அங்கே இருக்க வேண்டிய ரப்பர் வளையம், குரோமெட், காணோம். தகட்டின் விளிம்பு அறுத்து அறுத்து இன்சுலேஷன் போய்ச் செம்பு பாடியில் பட்டிருக்கிறது. பழைய ஃபியூஸ் அடிக்கடி போனதால் யாரோ பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டிருந்தார்கள். வயர் முழுக்க வெந்து, அந்தத் துளைக்கு நேராக மிளகு அளவு செம்பு மணி. தகட்டின் விளிம்பிலும் அதற்கு இணையாக ஒரு பள்ளம். இலைகள் தீயை வளர்த்திருந்தன. அங்கே ஃபியூஸ் அடிக்கடி போனதுதான் எச்சரிக்கை. அதைப் பெரிய ஃபியூஸ் போட்டு வாயடைத்துவிட்டார்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் ஒன்று மாற்றலாம். அதுவும் போனால் வயரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தீக்குப் பிறகு ஃபியூஸ் போயிருந்தது என்பதாலேயே ஷார்ட்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. லூஸ் கான்டாக்டில் தொடங்கிய தீயும் கடைசியில் ஹோல்டரை உருக்கி, பாசிட்டிவையும் எர்த்தையும் ஒன்றாக ஒட்டவைத்து ஃபியூஸைப் போக்கலாம். எது முதலில் நடந்தது என்பதை ஃபியூஸ் சொல்லாது. அதனால்தான் வயரையும் தகட்டையும் இவ்வளவு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்இடி பல்பு போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பார்கள். கரண்ட் குறைவு என்பது சரிதான். ஆனால் பின்னால் இருக்கும் ஃபேன் இடிக்கிறது என்று ரப்பர் கவரை வெட்டியோ கழற்றியோ விடுகிறார்கள். சாரல் நேராக உள்ளே போகிறது.

மீன் வண்டிக்கு நான் செய்தது: இரண்டு பக்கமும் வயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டி எறிந்தேன். பிளாஸ்டிக் ஹோல்டருக்குப் பதில் செராமிக் ஹோல்டர். பல்பு பழையபடி 60/55. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே (சின்ன கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்); பேட்டரியிலிருந்து இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இதனால் ஹெட்லைட் கரண்ட் சுவிட்ச் வழியாகப் போவது நின்றது; சுவிட்ச் ரிலேயை மட்டும் இழுக்கும். எர்த்துக்குத் துருவைச் சுரண்டிப் பளபளவென்று தகடு தெரிந்த பிறகு, முறுக்கி டேப் சுற்றாமல் லக்கை வயரோடு அழுத்திக் கிரிம்ப் செய்து போல்ட் போட்டேன். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி. கூடவே இரண்டு ஹோல்டரிலிருந்தும் ஒரு தனி எர்த் வயரை நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோனேன், பாடி துருப்பிடித்தாலும் வழி இருக்கட்டும் என்று.

வேலை முடிந்து டிம்மைக் கால் மணி நேரம் எரியவிட்டு அளந்தேன். எர்த்தில் 0.1 கூட வரவில்லை. ஹோல்டருக்கு அருகில் வயரைத் தொட்டால் இளம் சூடு மட்டும். சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர், "இது சின்ன பல்பா தம்பி?" என்று கேட்டார். சின்ன பல்புதான் அண்ணே, இப்போதுதான் அதற்கு முழு வோல்ட்டேஜ் கிடைக்கிறது என்றேன். பழைய ஹோல்டரை அவரிடமே கொடுத்து, எர்த் துளை எது என்று காட்டி, மற்ற டிரைவர்களுக்கும் காட்டச் சொன்னேன். அடுத்த வாரம் அவருடைய இன்னொரு வண்டி வந்தது. அது எரிந்ததில்லை, ஹெட்லைட்டைத் தட்டினால் எரிகிறது, அவ்வளவுதான். மீட்டரை வைத்தேன். எர்த்தில் 0.6.